மின்சாரம் ஏறும் படிக்கட்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் கம்பனையும் இளங்கோவையும் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். அவ்வின்பத்தில் தோய்ந்த உங்கள் செவிகளுக்கு இன்று நான் மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ரயில்வே குமாஸ்தா ஒருவனுக்கு இப்பொருளில் என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். உரிமை ஒன்றே ஒன்றுதான். நம் நகரத்து மின்ரயில், பழைய மின்சாரத்தை விட்டுப் புதிய மின்சாரத்துக்கு மாறிய ஆண்டுகளில், அம்மாற்றத்துக்கு வேண்டிய சாமான்களின் பட்டியல்களும் கடிதங்களும் எங்கள் மேசைகளின் வழியாகவே சென்றன. எழுதும் பொருள் இன்னதென்று அறியாமல் எழுதிக்கொண்டே போவது எனக்கு ஒவ்வாது. எனவே பொறியாளர்களைக் கேட்டேன், நூல்களையும் புரட்டினேன். அவ்வாறு தெரிந்துகொண்டவற்றுள், நம் குடும்பங்களுக்கு நெருங்கிய தொடர்புடைய ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

மின்சாரம் இருவகைப்படும். டார்ச் விளக்கின் பாட்டரியிலிருந்து வருவது, ஆற்றுநீர் போல ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். நம் வீட்டு விளக்கை எரிப்பது, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் வினாடிக்கு 50 முறை ஆடும் மாறுமின்சாரம். ஊஞ்சலின் ஆட்டத்தைத் தாளில் வரைந்தால், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அழகிய அலை ஒன்று கிடைக்கும். அந்த அலையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இனி நான் சொல்லப்போவதெல்லாம் அதனை எவ்வாறு செய்வது என்பதைப் பற்றியதே.

1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், இந்தியாவின் முதல் மின்ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஓடிற்று. அது சென்றது துறைமுகப் பாதை வழியாக. பெரியோர் பலர் இன்றும் கோலிவாடா என்றே குறிப்பிடும் நம் ஜி.டி.பி. நகர் நிலையம் அமைந்துள்ள அதே பாதைதான். அன்று கம்பியில் பாய்ந்தது 1500 வோல்ட் நேர்மின்சாரம். அது ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் நிலைத்தது. 2012 பிப்ரவரியில் மேற்கு ரயில்வேயும், 2015 ஜூனில் மத்திய ரயில்வேயின் பிரதானப் பாதையும், 2016 ஏப்ரலில் துறைமுகப் பாதையும் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு முற்றிலும் மாறின. நாட்டிலேயே முதன்முதலில் மின்சாரம் பெற்ற பாதை, பழைய முறையைக் கடைசியாகக் கைவிட்ட பாதையாகவும் அமைந்தது. ஆண்டாப் ஹில் வாசிகளாகிய நமக்கு இதில் சிறிது பெருமை கொள்ள இடமுண்டு.

பழைய வண்டி எவ்வாறு வேகம் பிடித்தது தெரியுமா? எடுத்த எடுப்பில் முழு மின்சாரத்தையும் மோட்டாருக்குக் கொடுத்தால் அது கருகிவிடும். ஆகையால் இடையில் மின்தடைகளைச் செருகி, வேகம் ஏற ஏற அவற்றை ஒவ்வொன்றாக விலக்குவார்கள். மின்தடை என்பது வேறொன்றுமில்லை. மின்சாரத்தை உண்டு வெப்பத்தைக் கக்கும் கம்பிச்சுருள். நிலையத்துக்கு நிலையம் நின்று நின்று புறப்படும் உள்ளூர் வண்டியில், ஒவ்வொரு புறப்பாட்டிலும் காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தின் ஒரு பகுதி வண்டியின் அடியில் வெறும் சூடாகவே போய்க்கொண்டிருந்தது.

புதிய வண்டிகளில் இருப்பது மும்முனை மாறுமின்சார மோட்டார். உராயும் பிரஷ் இல்லாதது, உழைப்பில் சளைக்காதது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதன் வேகம், கொடுக்கப்படும் அலை வினாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. மெல்லச் செல்ல வேண்டுமானால் மெல்ல ஆடும் அலை; விரைந்து செல்ல வேண்டுமானால் விரைந்து ஆடும் அலை. மேலே உள்ள கம்பியோ 50 என்ற ஒரே தாளத்தைத்தான் அறியும். ஆகவே கம்பியின் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, அதிலிருந்து வேண்டிய தாளத்தில் வேண்டிய அலையைப் புதிதாகச் சமைத்துக் கொடுக்கும் கருவி ஒன்று தேவைப்படுகிறது. அதனைப் பொறியாளர் கன்வெர்ட்டர் என்பர். நாம் மின் உருமாற்றி என்போம்.

அந்த உருமாற்றியின் உள்ளே இருப்பவை வெறும் ஸ்விட்சுகள்தாம் என்று அறிந்தபோது நான் வியப்படைந்தேன். குறைகடத்தியால் ஆன ஸ்விட்சுகள், ஐ.ஜி.பி.டி. என்று பெயர். அவற்றுக்குத் தெரிந்த தொழில் இரண்டே: முழுதும் மூடுவது, முழுதும் திறப்பது. பாதி திறந்து நின்றால் வெந்து சாம்பலாகிவிடும். ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களை மட்டும் அறிந்த ஒருவனைக் கொண்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அலையை எவ்வாறு பேச வைப்பது?

இதற்கு விடை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. இண்டக்ஷன் அடுப்பைக் குறைந்த சூட்டில் வைத்துப் பாருங்கள். பால் சற்றுப் பொங்கும், அடங்கும், மறுபடி பொங்கும். பல அடுப்புகள் அந்நிலையில் முழுச் சூட்டைச் சில வினாடி கொடுத்து, சில வினாடி நிறுத்திவிடுகின்றன. பாத்திரம் அவ்வளவு விரைவில் சூடேறவோ ஆறவோ இயலாதது. ஆகவே சராசரியைத்தான் உணர்கிறது. மோட்டாரும் அப்படியே. மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரம் முறை கொடுத்தும் நிறுத்தியும், கொடுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைத்தால், மோட்டார் அந்தத் துண்டுகளைக் காணாது; சராசரியாகிய அலையைத்தான் காணும். எந்தக் கணத்தில் மூடுவது, எந்தக் கணத்தில் திறப்பது என்று தீர்மானிக்க, வேண்டிய அலையின் மேல் ரம்பத்தின் பற்கள் போன்ற முக்கோணக் கோடு ஒன்றை ஓடவிடுகிறார்கள். அலை பல்லுக்கு மேலே இருக்கும் நேரமெல்லாம் ஸ்விட்ச் மூடியிருக்கும்; கீழே போனால் திறக்கும். 1964ஆம் ஆண்டிலேயே பிரௌன் போவேரி நிறுவனத்தைச் சேர்ந்த ஷோனுங், ஸ்டெம்லர் என்னும் இருவர் இம்முறையை மோட்டார்களுக்கு வகுத்துக் காட்டினர். துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைப்பதால் இதற்குத் துடிப்பகலப் பண்பேற்றம் என்று பெயர்.

வண்டி புறப்படுகையில் ஒரு ரீங்காரம் எழுந்து ஏறிச் செல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது இந்த ஸ்விட்சுகளின் தாளம் மோட்டாரின் இரும்பில் எழுப்பும் ஓசை. ஜப்பானில் கெய்கியூ என்னும் ரயில் நிறுவனத்தின் சில வண்டிகளில், அவ்வோசை சுரவரிசை போல ஒவ்வொரு படியாக ஏறும்படி வேண்டுமென்றே அமைத்திருந்தார்கள். மாதுங்காவில் சங்கீதம் கேட்டு வளர்ந்த நம்மவர் அதைக் கேட்டால் ராகம் இன்னதென்று வாதாடத் தொடங்கியிருப்பார்கள்!

இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அதே ஸ்விட்சுகளின் வழியே மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. வாங்கியதில் நூற்றுக்கு முப்பது பங்கு வரை இவ்வாறு திரும்புவதாகக் கணக்கிட்டுள்ளனர். பழைய வண்டியில் சூடாகிக் காற்றில் கலந்தது, இன்று பின்னால் வரும் வண்டியை இழுக்கிறது.

இதுவரை நான் சொன்னது இரண்டு நிலை உருமாற்றி. மேல், கீழ் என இரண்டே நிலைகள். ரயில் வண்டிக்குப் பெரும்பாலும் இது போதும். ஆனால் வண்டியை விட்டு, ஒரு நகரத்துக்கே மின்சாரம் கொண்டுவரும் கம்பிக்குச் சென்றால் இது போதாது. வண்டியின் உருமாற்றி கையாள்வது சில ஆயிரம் வோல்ட். தொலைதூரக் கம்பி கையாள்வது பல லட்சம் வோல்ட். ஒரு ஸ்விட்சோ சில ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்க வல்லதன்று. நூற்றுக்கணக்கான ஸ்விட்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாமே என்பீர்கள். தொடக்கத்தில் அவ்வாறே செய்தார்கள். ஆனால் சுவாமி புறப்பாட்டில் பல்லக்கைத் தோளில் ஏற்றும் ஸ்ரீபாதம் தாங்கிகளை எண்ணிப் பாருங்கள். அத்தனை பேரும் ஒரே கணத்தில் தூக்க வேண்டும். ஒருவர் முந்திவிட்டால் முழுப் பாரமும் அவர் தோளில் இறங்கும். அடுக்கிய ஸ்விட்சுகளிலும் ஒன்று மட்டும் முந்தித் திறந்துகொண்டால் முழு மின்னழுத்தமும் அதன் தலையில் விழுந்து அதை முறித்துவிடும். அதுவன்றி, லட்சக்கணக்கான வோல்ட் வினாடிக்கு ஆயிரம் முறை கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் குதித்தால், அக்குதிப்பால் உண்டாகும் நட்டமும் மிகும். கம்பிச்சுருள்களின் காப்புறையும் நைந்துபோகும்.

ஆகவே குதிப்பதை விட்டுப் படியேறினால் என்ன என்று சிந்தித்தார்கள். மாடிக்கு ஒரே தாவலில் செல்ல முயல்பவன் காலை ஒடித்துக்கொள்வான். படிக்கட்டு வைத்தவன் குழந்தையையும் ஏற்றிவிடுவான். 1981ஆம் ஆண்டு ஜப்பானில் நபே, தகஹாஷி, அகாகி என்னும் மூவர், மேலுக்கும் கீழுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்றை வைத்த உருமாற்றியை வெளியிட்டனர். ஒரே ஒரு படி கூடியதற்கு என்ன பெரிய பேறு என்று எண்ணலாகாது. மும்முனை மின்சாரத்தில் மூன்று கால்கள் உண்டு. ஒவ்வொரு காலும் இரண்டு நிலைகளில் நிற்கலாம் என்றால் மொத்தம் 8 தோற்றங்கள். மூன்று நிலைகளில் நிற்கலாம் என்றால் 27. இவ்விருபத்தேழில் 19 மட்டுமே வெளியே வெவ்வேறு விளைவைத் தருபவை. எஞ்சியவை வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்து, உள்ளே மட்டும் வேறுபடுபவை.

பயனற்ற மிகுதி போலத் தோன்றும் இவைதாம் இக்கலையின் உயிர்நிலை. நடு நிலையைத் தாங்கி நிற்பவை மேலொன்றும் கீழொன்றுமாக உள்ள இரண்டு மின்தேக்கிகள். ஓயாமல் ஒன்றிலிருந்து எடுத்தால் அது வற்றிவிடும், நடுநிலை சாய்ந்துவிடும். வெளியே ஒரே விளைவைத் தரும் இரண்டு தோற்றங்கள் கையில் இருந்தால், ஒருமுறை இதையும் மறுமுறை அதையும் தேர்ந்து நடுநிலையைச் சாயாமல் காக்கலாம். வெளியே இருப்பவனுக்கு வேறுபாடு தெரியாது; உள்ளே கணக்கு நேராகிக்கொண்டே இருக்கும். பற்று வரவு எழுதும் எங்களைப் போன்றோருக்கு இது உடனே விளங்கும். ஜப்பானின் 700 வரிசை சின்கான்சென் வண்டிகள் இம்மூன்று நிலை முறையிலேயே இழுக்கப்பட்டன. நம் நாட்டிலும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் கோபகுமார் முதலியோர் பல்நிலை உருமாற்றிகளில் பல்லாண்டு ஆராய்ச்சி செய்துள்ளனர்.

மூன்று படி நன்று எனின் ஐந்து, ஏழு, நூறு படிகள் மேலும் நன்று அல்லவா? நன்றுதான். ஆனால் பழைய அமைப்பிலேயே படிகளைக் கூட்டிக்கொண்டு போனால் துணைக்கருவிகள் கட்டுக்கடங்காமல் பெருகின. மின்தேக்கிகளின் சமநிலையும் கைக்கு எட்டவில்லை. இம்முட்டுக்கட்டையை நீக்கியவர் ஜெர்மனியில் ம்யூனிக் நகரத்துப் பேராசிரியர் ரைனர் மார்க்வார்ட். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் முன்மொழிந்த அமைப்பை விளக்க, நம் காலனியில் தண்ணீர் வரும் நேரத்தைத் துணைக்கு அழைக்கிறேன்.

குழாய் திறக்கும் விடியற்காலையில் தாய்மார்கள் வரிசையாகக் குடங்களை வைத்திருப்பதைக் கண்டிருக்கிறோம். மார்க்வார்டின் உருமாற்றியில் ஒவ்வொரு சிறு பகுதியும் ஒரு மின்தேக்கிக் குடமும் இரண்டு ஸ்விட்சுகளும் கொண்டது. ஸ்விட்ச் ஒரு விதமாக நின்றால் குடம் வரிசையில் சேரும். மறு விதமாக நின்றால் மின்சாரம் குடத்தைத் தொடாமல் அதைக் கடந்து போகும். அவ்வளவே அதன் வேலை. இத்தகைய நூற்றுக்கணக்கான குடங்களை ஒரு சரமாகக் கோத்து, அவற்றில் இப்போது எத்தனை வரிசையில் சேர வேண்டும் என்று கட்டளையிட்டால், அத்தனை படி உயரத்துக்கு மின்னழுத்தம் எழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலும் கீழுமாக 320 ஆயிரம் வோல்ட் உள்ள கம்பிக்கு மொத்த இடைவெளி 640 ஆயிரம் வோல்ட். ஒரு குடத்துக்கு 2000 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் ஒரு சரத்துக்கு 320 குடங்கள். மும்முனைக்கும் மேற்சரம், கீழ்ச்சரம் என ஆறு சரங்கள். ஆக 1920 குடங்கள். ஒரு முனையின் மேற்சரத்தில் 160, கீழ்ச்சரத்தில் 160 சேர்ந்திருந்தால் வெளியே சுழி. மேற்சரத்தில் ஒன்றைக் கழற்றிக் கீழ்ச்சரத்தில் ஒன்றைச் சேர்த்தால் ஒரு படி உயர்வு. இவ்வாறு ஏறி இறங்கினால் அலை உருவாகிறது. படி ஒன்றுக்கு 2000 வோல்ட் என்பதால் அலையிலிருந்து படிக்கட்டு விலகுவது எப்போதும் 1000 வோல்ட்டுக்கு மேல் போகாது. 320 ஆயிரத்தில் ஆயிரம் என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இவ்வளவு படிகள் வந்தபின் ரம்பப் பல்லும் தேவையில்லை. துடிப்பின் அகலமும் தேவையில்லை. வேண்டிய அலைக்கு மிக அருகில் உள்ள படி எதுவோ அதில் ஏறி நின்றால் போதும். பைசாவை விட்டு ரூபாய்க்கு முழுமையாக்குவது போன்ற எளிய கணக்கு இது. ஒவ்வொரு ஸ்விட்சும் வினாடிக்குச் சில நூறு முறைக்குள்ளேயே அசைகிறது. ஆதலால் நட்டமும் குறைவு. தொடக்ககால இரண்டு நிலை நிலையங்களில் நூற்றுக்கு மூன்று பங்கை ஒட்டியிருந்த நட்டம், இம்முறையில் ஒரு பங்கை ஒட்டி இறங்கிற்று.

எத்தனை குடம் என்பது தீர்ந்தது. எந்தக் குடம் என்பதே இனிக் கடினமான வினா. முந்நூறு குடங்களில் நூற்றைம்பது வேண்டும் என்றால் எந்த நூற்றைம்பது? கண்டபடி எடுத்தால் சில குடங்கள் வற்றும். சில குடங்கள் பொங்கி வெடிக்கும். இதற்கு அவர்கள் கண்ட வழியை நம் வீட்டுப் பெண்மணி எவரும் படிக்காமலே அறிவார். தண்ணீர் வருகிற நேரமா? குறைந்திருக்கும் குடத்தை முதலில் குழாயடியில் வை. தண்ணீர் எடுக்கிற நேரமா? நிறைந்திருக்கும் குடத்திலிருந்து எடு. உருமாற்றியின் கணிப்பொறி ஒவ்வொரு குடத்தின் அளவையும் வினாடிக்குப் பல்லாயிரம் முறை கேட்டறிந்து, நிறைவின் வரிசைப்படி அடுக்கி, மின்சாரம் உள்ளே பாய்கிறதா வெளியே பாய்கிறதா என்று பார்த்து, இவ்விதியையே கையாள்கிறது. இத்துடன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று முனைகளின் சரங்களும் எள்ளளவு ஒத்துப்போகாவிட்டாலும் அவற்றுக்குள்ளேயே ஒரு மின்னோட்டம் வீணாகச் சுற்றிவரத் தொடங்கும். குழாயடியில் தண்ணீர் பிடிக்காமல் வம்பு பேசுவது போன்றது அது! அதனை அடக்கவும் தனிக் கட்டுப்பாடு உண்டு.

2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு வளைகுடாவின் அடியில் 85 கிலோமீட்டர் கேபிள் வழியாக 400 மெகாவாட் கொண்டுசென்ற இணைப்பே, இம்முறையில் முதன்முதலாக வணிக அளவில் இயங்கியது. இந்தியாவில் அது முதலில் கால்வைத்த இடம் நம் தமிழ்நாடு. கரூரை அடுத்த புகளூரின் பெயரைத் தாங்கிய நிலையத்திலிருந்து கேரளத்துத் திருச்சூர் வரை, 320 ஆயிரம் வோல்ட்டில் 2000 மெகாவாட் கடத்தும் இணைப்பு 2021 பிப்ரவரி 19ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சேர மன்னர் பெயர் பொறித்த தமிழ்க் கல்வெட்டுகளால் பெயர்பெற்ற ஊர் புகளூர். சேர நாட்டுக்கு மின்சாரம் அனுப்பும் நிலையத்துக்கும் அப்பெயரே வாய்த்தது.

அங்கே இரண்டு தலைமுறைகளை அருகருகே காணலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 1700 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, 800 ஆயிரம் வோல்ட்டில் 6000 மெகாவாட் கொண்டுவந்து இறக்கும் கம்பி, தைரிஸ்டர் என்னும் பழைய வகை ஸ்விட்சுகளால் ஆனது. தைரிஸ்டரை மூடச் சொல்லலாம். திறக்கச் சொல்ல முடியாது. எதிரே உள்ள மாறுமின்சார அலை தானே திரும்பி வந்து அதைத் திறந்துவிட வேண்டும். ஆற்றலில் அது யானை. ஆனால் அலையைச் சிதைக்கும். அதைச் சீராக்கப் பல ஏக்கர் பரப்பில் வடிகட்டிகள் வேண்டும். அங்கிருந்து திருச்சூருக்குப் போகும் இணைப்போ குடங்களின் முறையில் அமைந்தது. பழைய முறையோடு ஒப்பிட நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு வரை நிலம் குறைவாகப் போதும் என்று மத்திய அரசின் அறிவிப்பு கூறியது.

நிலம் என்றவுடன் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. கேரளத்துக்குள் திருச்சூரை நெருங்கும் கடைசிப் பகுதியில் இந்த இணைப்பு கோபுரங்களை விட்டு மண்ணுக்கு அடியில் கேபிளாகச் செல்கிறது. கொங்கு நாட்டு விளைநிலங்களில் கோபுரங்களின் மேல் செல்கிறது. 2018ஆம் ஆண்டு ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் உழவர்கள், தங்கள் நிலத்தில் உயரழுத்தக் கோபுரம் வேண்டா, சாலையோரமாகப் பூமிக்கு அடியில் கொண்டு போங்கள் என்று உண்ணாநோன்பு உள்ளிட்ட போராட்டங்கள் நடத்தினர். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது என்பது அவர்கள் கேள்வி.

இக்கேள்விக்கு ஒரே விடை சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மாறுமின்சாரக் கம்பியைப் பற்றிய கேள்வியானால், நெடுந்தூரக் கேபிள் இயலாது என்பது உண்மை. கேபிள் என்பதே நீண்டு கிடக்கும் ஒரு குடம். அலை ஒவ்வொரு முறை ஆடும்போதும் அதை நிரப்பி வடிக்க வேண்டும். சில பத்துக் கிலோமீட்டருக்குள் அந்த வேலையிலேயே ஆற்றல் தீர்ந்துவிடும். தைரிஸ்டர் வழி நேர்மின்சாரமானால், செல்லும் திசையை மாற்றக் கம்பியின் நேர் எதிர் முனைகளையே மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் உறையிட்ட கேபிளுக்கு அந்த மாற்றம் ஆகாது. குடங்களின் முறையில் முனைகள் மாறாமலே ஓட்டம் மட்டும் திரும்பும். ஆகவே அத்தகைய கேபிள் அதற்குப் பொருந்தும். அங்கே எஞ்சியிருப்பது செலவு ஒன்றே. முடியாது என்பது வேறு. கட்டுப்படியாகாது என்பது வேறு. கோப்புகளில் இவ்விரு சொற்களும் இடம் மாறி நிற்பதை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், உழவருக்கு இவ்வேறுபாட்டையாவது நேராகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. செலவுதான் காரணம் என்றால் எவ்வளவு செலவு, அதை யார் ஏற்பது என்று பேச இடமிருக்கிறது.

இனி நம் நகரத்துக்குத் திரும்புவோம். 2020ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், திங்கட்கிழமை காலை பத்து மணியளவில் மும்பை முழுவதும் மின்சாரம் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகள் வெளியிலிருந்து சில குறுகிய வழிகளிலேயே உள்ளே நுழைகின்றன. அவற்றில் பழுது நேர்ந்து இணைப்புகள் தொடர்ச்சியாகத் துண்டிக்கப்பட்டன. மும்பையைத் தனித்தீவாகப் பிரித்துக் காக்கும் ஏற்பாடும் அன்று கைகொடுக்கவில்லை. உள்ளூர் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. தொற்று நோய்க் காலம். மருத்துவமனைகள் ஜெனரேட்டரை நம்பி இருந்தன. சில பகுதிகளுக்கு மின்சாரம் திரும்பப் பல மணி நேரம் ஆயிற்று.

மும்பைக்கு அருகில் பட்கேயில் 1999 முதல் ஒரு நேர்மின்சார நிலையம் உண்டு. சந்திரபூரிலிருந்து 1500 மெகாவாட் கொண்டுவர வல்லது. ஆனால் அது தைரிஸ்டர் தலைமுறை. எதிரே உயிருள்ள அலை ஒன்று ஆடிக்கொண்டிருந்தால்தான் அதன் ஸ்விட்சுகள் திறக்கும். அணைந்துபோன நகரத்தில் ஆடும் அலை ஏது? உறங்குபவனை எழுப்ப, அவனே முதலில் விழித்துக்கொள்ள வேண்டும் என்பது போன்ற நிலை. குடங்களின் முறையில் இந்தத் தளை இல்லை. அதன் ஸ்விட்சுகள் கட்டளைக்குத் திறப்பவை. அலையைத் தானே சமைக்க வல்லவை. கம்பியின் மறுமுனை உயிரோடு இருந்தால் போதும். இருண்ட பகுதியில் 50 தாளத்தில் ஓர் அலையைத் தானாகத் தொடங்கி, முதலில் ஒரு துணைநிலையம், பின்பு மருத்துவமனை, பின்பு ரயில், பின்பு வீடுகள் என ஒவ்வொன்றாக எழுப்பலாம். நகரத்தின் வடக்கே குடூஸிலிருந்து ஆரே வரை, பாதிக்கு மேல் பூமிக்கு அடியில் செல்லும் 1000 மெகாவாட் இணைப்பை இந்தப் புதிய முறையில் அமைக்கத் துணிந்ததற்குரிய காரணங்களில் இந்த ஆற்றலும் ஒன்று. நெரிசலான இந்நகரில் கோபுரம் நிறுத்த இடம் இல்லாமையும் மற்றொன்று.

உரையை எழுதி வைத்திருந்தபோது என் வீட்டார் படித்துப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். இதனால் நம் மின்சார பில் குறையுமா? இந்த அவையில் பலர் மனத்திலும் அதுவே இருக்கும். குறையாது. புதிய கம்பிக்கும் நிலையத்துக்கும் ஆகும் செலவு, மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கும் அளவில், கட்டணத்தின் வழியே மக்களிடமிருந்தே திரும்பப் பெறப்படும். நம் பகுதிக்கு வழங்கும் பெஸ்ட் நிறுவனம் வாங்கும் மின்சாரமும் இதே மாநிலக் கம்பிகளின் வழியாகவே வருகிறது. அதற்குரிய பங்கு நம் பில்லிலும் சேரும். பில்லைக் கையில் எடுக்கும்போது கடைசித் தொகையை மட்டும் பார்க்காமல், மின்சாரத்தின் விலை எவ்வளவு, கம்பிக்கான கட்டணம் எவ்வளவு என்று வரிவரியாகப் பாருங்கள். ஆணையம் கட்டணத்தைத் திருத்துமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் வழக்கம் உண்டு. நம் சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் அனுப்புவதானால், அதை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

 அடுத்து நடனம் ஆடவிருக்கும் குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.